பெல்ட்டு கிழிஞ்சா மாஸ்டரா?

"இன்னா மாஸ்டர், பெல்ட்டு புத்சா கீது?"

போன ஞாயித்துக்கிழமை எர்ணாவூர்ல என் மொட்டைமாடி கராத்தே கிளாஸுக்குப் பையனைச் சேர்க்க வந்த அக்கா கேட்ட மொதல் கேள்வி. எத்தினி வருஷமா கத்துக்குடுக்குறேன்னு கேக்கல. பையனுக்கு அடிபடுமான்னுகூட கேக்கல. கண்ணு நேரா என் இடுப்புக்குப் போச்சு. "ரெண்டு தெரு தள்ளி ஒரு மாஸ்டர் கீறாரு, அவரு பெல்ட்டு நாரு நாரா தொங்குது. அனுபவம்னா அது"ன்னு சொல்லிட்டுப் படி எறங்கிப் போய்ட்டாங்க.

22 வருஷம்க்கா. என் பழைய பெல்ட்டும் உள்ள இருக்குற வெள்ளை தெரிய நஞ்சுபோய்த்தான் கெடந்துச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்ப இங்க வீட்டுக்குள்ள வந்தது வெறும் வெள்ளமா? எண்ணெய் கலந்த தண்ணி. சுவத்துல முட்டி ஒசரத்துக்குக் கருப்புக் கோடு. கீழ்த்தட்டுல இருந்த பெல்ட்டை மண்ணெண்ணெய்ல தொடைச்சு, சோப்புத் தண்ணியில மூணு நாள் ஊறப்போட்டும் நாத்தம் போகல. தூக்கிப் போட்டேன். அதோட சேந்து என் அனுபவமும் குப்பை வண்டியில போயிடுச்சுன்னு இந்த அக்கா சொல்லித்தான் தெரிஞ்சுது.

சரி, அந்த நாரு நாரு மாஸ்டர் யாரு? கருப்பு பெல்ட்டு வாங்கி முழுசா ரெண்டு வருஷம் ஆகல. பொங்கலப்ப பாத்தேன், பெல்ட்டு பளபளன்னு மின்னுது. சித்திரைக்குள்ள நாராயிடுச்சு. எப்டிரா? உப்புத்தாள்! அவன்கிட்ட படிக்கிற பசங்களே சிரிச்சுக்கினு சொல்லுதுங்க, பெயிண்ட்டு கடையில உப்புத்தாள் வாங்கியாறச் சொல்லி, அதுங்களை வெச்சே தேய்க்க உட்டானாம்.

தேய்ச்சவனுக்கு எங்க தேய்க்கணும்னாச்சும் தெரியணுமில்ல? பெல்ட்டுக்குள்ள அடுக்கடுக்கா காட்டன், மேல சாட்டின் துணி. தெனம் முடிச்சுப் போட்டு இறுக்குற எடத்துலயும் ஓரத்து மடிப்புலயும்தான் மொதல்ல சாட்டின் பிரியும், உள்ள இருக்குற வெள்ளை எட்டிப் பாக்கும். இவனுக்கு இந்த முனையிலேந்து அந்த முனை வரைக்கும் ஒரே சீரா பிஞ்சிருக்கு. தங்க நூல்ல பேர் தைச்ச எடம் மட்டும் பத்திரமா கீது. இதுல இன்னொண்ணு, காட்டன் பெல்ட்டு வாங்கினா வெளுக்குமே தவிர சாட்டின் மாதிரி சீக்கிரம் கிழியாது. அப்போ 30 வருஷம் ஆடின பெரியவரு காட்டன் கட்டினா அவரு சின்னப் பையனா? கருப்பு பெல்ட்டுல ஒவ்வொரு படிக்கும் டான்னு பேரு. பேசாம துணிக்கடைக்காரன்கிட்டயே டான் பட்டம் வாங்கிக்கலாம்.

இதுக்குன்னு ஒரு கதை வேற சுத்துது. அந்தக் காலத்துல பெல்ட்டைத் தோய்க்கவே மாட்டாங்களாம், வெள்ளை பெல்ட்டு அழுக்கேறி அழுக்கேறி கருப்பாயிடுச்சாம். ஒரு அழுக்கும் இல்ல. ஜூடோவுக்குப் பள்ளிக்கூடம் வெச்ச கானோ ஜிகோரோ, 1883-ல ரெண்டு சிஷ்யருக்கு மொதல் டான் குடுத்தாரு. கருப்பு பெல்ட்டு அதுக்கும் சில வருஷம் கழிச்சு, ஆளைப் பாத்தா படி தெரியணும்னு வந்தது. ஒகினாவா தீவுலேந்து கராத்தேவை ஜப்பான் முழுக்கப் பரப்பின ஃபுனாகோஷி மாஸ்டர், கராத்தேவுல டான் குடுக்க ஆரம்பிச்சதே 1924-லதான். அந்த மொதல் டானுக்கு ஜப்பான்காரன் வெச்ச பேரு ஷோடன். ஆரம்பப் படின்னு அர்த்தம். நம்மாளு அதை வாங்கின மறுநாள் தெருமுனையில பேனர்.

நெசமா நஞ்சுபோன பெல்ட்டு ஒண்ணே ஒண்ணு சொல்லும், ஒத்துக்கறேன். இந்தாளு ஒழுங்கா கிளாஸுக்கு வந்தான்னு. வந்து இன்னா கிழிச்சான்னு அது சொல்லாது. தப்பான குத்தையே 20 வருஷம் குத்தினாலும் பெல்ட்டு அதேபோலதான் தேயும்.

இது நம்ம ஏரியாவுல நடக்குதேன்னுதான் எனக்கு வயிறு எரியுது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர்னு பரம்பரை பரம்பரையா குத்துச்சண்டை பாத்த வடசென்னை இது. எந்த வாத்தியாரு இடுப்புல பெல்ட்டு கட்டிக்கினு நின்னாரு? லுங்கியை மடிச்சுக் கட்டிக்கினு ஓரமா நிப்பாரு. அவருகிட்ட கத்துக்கற பையன் ரிங்குல காலை எப்டி மாத்துறான்னு பாத்துத்தான் வாத்தியாரை எடை போடுவாங்க. 2024-ல புதுவண்ணாரப்பேட்டை காசிமா அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் அடிச்சுக்கினு வந்துச்சே, ஸ்ட்ரைக்கர் எத்தினி தேஞ்சிருக்குன்னு எவனாச்சும் கேட்டானா?

நேத்து சாயங்காலம் டீக்கடையாண்ட அந்தப் பையன் புது வெள்ளை டிரஸ்ஸோட நிக்கிறான். ரெண்டு கிளாஸ் போய்ட்டு வந்துட்டானாம். "எங்க, குத்து காட்டு"ன்னேன். கட்டைவிரலை உள்ள வெச்சு மூடிக்கினு கையை நீட்டுறான். அப்டியே எதையாச்சும் குத்தினா விரலு காலி. பிரிச்சு, கட்டைவிரலை வெளிய எடுத்து மேல மடக்கி வெச்சுட்டேன். அவங்கம்மா டீ கிளாஸை கையில புடிச்சுக்கினு மறுபடி என் இடுப்பைத்தான் பாத்தாங்க. லுங்கி கட்டியிருந்தேன்.