லிங்க் எரருக்கு எதுக்குடே ஃபார்மேட்?

லினக்ஸ்ல சோர்ஸ எடுத்து கம்பைல் பண்ணுறப்போ, கம்பைல் ஆன துண்டுகளையும் லைப்ரரியையும் சேத்துக் கட்டுற லிங்கர் ஒரு வரி கத்தினாப் போதும், நாகர்கோவில் முதல் மார்த்தாண்டம் வரைக்கும் ஒரே வைத்தியம்தான்: "சிஸ்டத்த ஃபார்மேட் அடிச்சிரு மக்கா." கேட்டாலே வெப்ராளமா வருது. எரர ஒருக்கா வாசிச்சுப் பாத்தியாடே?

'கேனாட் ஃபைண்ட் -எல்இசட்'னு (-lz; -எல்னா 'இந்த லைப்ரரியச் சேரு'ன்னு அர்த்தம்) வந்தா லைப்ரரியே இல்லன்னு நெனச்சுக்கிடாதே. லிப்இசட்.எஸ்ஓ.1 உள்ள சும்மாதான் கெடக்கும். லிங்கர் தேடுறது நம்பர் இல்லாத லிப்இசட்.எஸ்ஓ. அந்த சிம்லிங்க் (நெஜ ஃபைலக் காட்டுற குறுக்குவழி) கம்பைலுக்குன்னு உள்ள டெவ் பேக்கேஜோடதான் வரும். உபுண்டுல இசட்லிப்1ஜி-டெவ் (zlib1g-dev) போடு, முடிஞ்சு.

'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' வேற சோலி. லைப்ரரி இருந்தும், கமாண்ட்ல .ஓ ஃபைலுக்கு (கம்பைல் ஆன துண்டு) முன்னால -எல்எம் (கணக்கு லைப்ரரி) நின்னா உபுண்டு லிங்கர் 'இப்ப யாரும் கேக்கலியே'ன்னு அத விட்டுட்டுப் போயிரும். பெறவு அதுல உள்ள 'பவ்' ஃபங்ஷன் எங்கன்னு ஒப்பாரி வைக்கும். மேக்ஃபைல் (பில்ட் கட்டளை எழுதி வைக்குற ஃபைல்) எழுதுற புண்ணியவான்கள் -எல் எல்லாத்தையும், .ஓ-வுக்கு முன்னால வர்ற எல்டிஃப்ளாக்ஸ்ல கொண்டு திணிக்கறதாலதான் இந்தக் கூத்து. அது எல்டிலிப்ஸ்லதான் இருக்கணும், கமாண்ட்ல கடைசியா வரும். எரர்ல சிஎக்ஸ்எக்ஸ்11னு ஒரு துண்டு தெரிஞ்சா, 2015-ல ஜிசிசி 5 வந்தப்போ சி++ ஸ்ட்ரிங்கோட ஏபிஐ (ABI, கம்பைல் ஆன கோடுங்க ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போற முறை) மாறின வினை. அந்த லைப்ரரியயும் இதே கம்பைலர்ல திரும்ப பில்ட் பண்ணு.

மேக் இன்ஸ்டால் முடிஞ்சும் ஓடலியா? ஃபைல் யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்ல இருக்கும், புரோகிராம் ஓடுறப்போ லைப்ரரியத் தேடிப் பிடிக்குற லோடரோட கேஷ்ல இருக்காது. 'சூடோ எல்டிகான்ஃபிக்' ஒண்ணு அடி.

இதவிடப் பெரிய பாதகம், ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியான லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3-க்கு லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1-னு பேர் வச்சு சிம்லிங்க் போடச் சொல்லுறது. அந்த நம்பர் அழகுக்கா இருக்கு? உள்ள சிம்பல் (ஃபங்ஷன் பேரு) வெர்ஷனே வேற. 'வெர்ஷன் ஓப்பன்எஸ்எஸ்எல்_1_1_0 நாட் ஃபவுண்ட்'னு மூஞ்சில அடிக்கும். சோர்ஸ்தான் கையில இருக்கே, 'மேக் டிஸ்ட்க்ளீன்' போட்டு பழைய பில்ட எல்லாம் தொடச்சு, கான்ஃபிகர்ல இருந்து தொடங்கினா என்ன கொறைஞ்சா போவும்?

நம்ம ஊருக்குன்னே ஒண்ணு உண்டு. இடவப்பாதி மழைல பாதி கம்பைல்ல கரண்ட் போவும். காலியான .ஓ ஃபைல் ஒண்ணு ரெண்டு மிஞ்சும். அதோட தேதி .சி ஃபைலவிடப் புதுசு, அதனால 'மேக்' முடிஞ்ச வேலைன்னு தாண்டிப் போவும். லிங்கர் மட்டும் 'ஃபைல் நாட் ரெகக்னைஸ்ட்'னு நிக்கும். இதுக்கும் ஃபார்மேட்டாம்! 'ஃபைண்ட் . -நேம் "*.ஓ" -எம்டி -டிலீட்' (-empty -delete, காலி .ஓ ஃபைல மட்டும் அழிக்கும்) அடிச்சிட்டு மறுபடி மேக் குடுங்கடே.