பாதி ஆடியை மூடினால் பாதி பிம்பமா?

குழியாடியின் (உள்நோக்கிக் குழிந்த கண்ணாடியின்) பாதியைக் கறுப்புத் தாளால் மூடினால் திரையில் பாதி பிம்பம்தான் விழும் என்று சிலர் சொல்வதுண்டு. அப்படி இல்லைங்க. முழுப் பிம்பமும் விழும், வெளிச்சம்தான் ஏறக்குறைய பாதியாகும். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி ஆடி முழுவதிலும் படுகிறது. மூடாத பாதியே பிம்பத்துக்குப் போதும்.

முகத்தைப் பெரிதாகக் காட்டும் சவரக் கண்ணாடி (அதுவும் குழியாடிதான்) இருந்தால் நீங்களே பார்க்கலாம். பகலில் அதை ஜன்னல் பக்கம் திருப்பி, வெளிச்சத்தை மறைக்காமல் சற்று ஓரமாக ஒரு வெள்ளைத் தாளை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஜன்னல் கம்பிகள் தலைகீழாகத் தெளிவாக விழும். அப்புறம் கண்ணாடியின் பாதியை அட்டையால் மூடுங்கள். ஒரு கம்பிகூடக் குறையாது, மங்கும், அவ்வளவுதான்.

அதே கண்ணாடியில் முகம் பார்க்கும்போது மூடிய பக்கம் முகமும் மறையும். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். அது திரையில் பிடிக்க முடியாத மாய பிம்பம், கதையே வேறு.