கல் பதித்தால் மட்டும் போதாது
பேவர் பிளாக் எனும் சிமென்ட் தரைக்கல்லைப் பதித்துவிட்டால் அதன்பிறகு பார்க்கிங்கிற்குப் பராமரிப்பே தேவையில்லை என்று மேலே உள்ள கட்டுரையில் இருப்பதை ஏற்க முடியவில்லை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கொட்டும் குமரி மாவட்டத்தில் அது நடக்காது. நாகர்கோவிலில் நான் வழக்கமாக வண்டி விடும் கட்டண பார்க்கிங்கில் கல் நகராமல் பிடிக்கும் ஓரக்கல்லும் இல்லை, வடிகாலும் இல்லை. அடிமணலைத் தண்ணீர் அரித்து, சக்கரம் ஏறும் தடமெல்லாம் கல் இறங்கிக் கிடக்கிறது; மிதித்தால் இடுக்கு வழியே சேறு பீச்சுகிறது. தரையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு சரிவு வைத்தாலே தண்ணீர் ஓடிவிடுமே! மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், வண்டி நிறுத்தும் இடங்களைப் பிரித்துக் கோடு போட்டால் போதும் என்கிறார். எந்த அளவில்? சாதாரண காருக்கு 2.5 மீட்டர் அகலம் சரி, சக்கர நாற்காலிக்காரர் இறங்க 3.6 மீட்டர் வேண்டும். அது இல்லாததால் என் அம்மாவை ரோட்டிலேயே இறக்குகிறேன். பார்க்கிங்கைக் குத்தகைக்கு ஏலம் விடும்போதே, மழைக்குமுன் இறங்கிய கல்லைப் பெயர்த்து மணல் நிரப்பும் வேலையையும் குத்தகைதாரர் தலையில் கட்டுங்கள்.