மாணவப் பிரதிநிதிக்கு நாற்காலி மட்டும் போதாது

கல்லூரி நிர்வாகக் குழுக்களில் மாணவர்களுக்கும் இடம் வேண்டும் என்று இன்று யாரிடமும் வாதாட வேண்டியதில்லை. விதியே வந்துவிட்டது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளில் ஐக்யூஏசி என்று ஒரு தர உறுதிக் குழு இருக்கும். அதில் மாணவர் சார்பில் ஒருவர், முன்னாள் மாணவர் சார்பில் ஒருவர் இருக்க வேண்டும். ராகிங் தடுப்புக் குழுவில் முதலாமாண்டு மாணவர்களும் சீனியர்களும் இருக்க வேண்டும் என்பது 2009 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் விதி. ஆக, இடம் கிடைத்துவிட்டது. அந்த இடத்தில் உட்கார்ந்த பிள்ளை வாயைத் திறந்து சொன்னது என்ன ஆனது? எனக்கு அதுதான் முக்கியம்.

நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். இப்படிப்பட்ட கூட்டங்களில் பல வருடங்களாக இருந்திருக்கிறேன். மூன்றாம் ஆண்டு வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஆபீஸிலிருந்து ஆள் வருவார். "பதினோரு மணிக்குக் கான்பரன்ஸ் ஹாலுக்கு வந்துரும்மா." எதற்கு என்று, பிரதிநிதியாகப் போடப்பட்ட அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. போய் உட்கார்ந்த பிறகுதான் அஜெண்டா கையில் கிடைக்கும். எதிரே முதல்வர், செயலர், துறைத் தலைவர்கள், வெளியிலிருந்து வந்த தொழிலதிபர். எல்லாம் பேசி முடித்து, டீ வந்த பிறகு, "ஸ்டூடண்ட்ஸ் சைடுல ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்பார்கள்.

ஒருமுறை ஒரு மாணவி உண்மையாகவே சொன்னாள். கடைசி வகுப்பு முடிந்த கால் மணி நேரத்தில் காலேஜ் பஸ் கிளம்பிவிடுகிறது, அதனால் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நூலகத்துக்குள் கால் வைக்கவே முடியவில்லை, காலையில் எட்டு மணிக்குத் திறந்தால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக அங்கே போவோம் என்றாள். அந்த அறையில் இருந்த வேறு யாருக்கும் இது தோன்றியிருக்காது. நாங்கள் யாரும் அந்தப் பஸ்ஸில் வருவதில்லை. எல்லோரும் தலையாட்டினோம். பிறகு வந்த கூட்டக் குறிப்பில் இருந்தது ஒரே வரி: "மாணவப் பிரதிநிதி நூலக வசதிகளைப் பாராட்டினார்." இந்த வரியை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

சரி, இதை ஒரு கல்லூரியின் குறை என்று விட்டுவிடலாமா? முடியாது. விதிகளை எழுதுகிறவர்களுக்கே இதில் தெளிவில்லை. பாலியல் புகார்களை விசாரிக்கும் குழுவுக்கு யூஜிசி 2015 இல் விதி எழுதியபோது, விஷயம் மாணவர்கள் சம்பந்தப்பட்டதாக இருந்தால் இளநிலை, முதுநிலை, ஆராய்ச்சி என மூன்று மட்டங்களிலிருந்தும் மாணவர் ஒவ்வொருவர் குழுவில் இருக்க வேண்டும், அவர்கள் வெளிப்படையான முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்றது. நல்ல விதி. அதே யூஜிசி 2023 இல் மாணவர் குறைதீர்ப்பு விதிகளை வெளியிட்டது. அதில் மாணவருக்குச் 'சிறப்பு அழைப்பாளர்' என்ற இடம்தான். அவரும் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, படிப்பிலோ விளையாட்டிலோ கலைநிகழ்ச்சிகளிலோ சிறந்து விளங்கினால் நியமிக்கப்படுவார். முதல் மார்க் வாங்கும் பிள்ளைக்கும் குறைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஃபீஸ் கட்ட முடியாமல் ஹால் டிக்கெட் நிறுத்தி வைக்கப்பட்ட பையனின் குறையை அவனைத் தவிர வேறு யார் சொல்வது? அவன் எந்தப் பட்டியலில் வருவான்?

ராஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992 இல் யுனிசெஃபுக்காக ஒரு சிறு நூல் எழுதினார். பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி கொண்ட ஏணியாக அதில் பிரித்தார். கீழே உள்ள மூன்று படிகள்: பிள்ளைகளைத் தங்கள் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்வது, அலங்காரத்துக்கு வைப்பது, பெயருக்கு வைப்பது. இந்த மூன்றையும் அவர் பங்கேற்பாகவே கணக்கில் எடுக்கவில்லை. நம் குழுக்கள் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் நிற்கின்றன.

வேறு எப்படிச் செய்வது என்று கேட்டால் நான் ஜெர்மனியைக் காட்டுவேன். அங்கே பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட தொழிலாளர்களும் தொழில் பயில்பவர்களும் சேர்ந்து ஐந்து பேராவது இருந்து, தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த தொழிலாளர் மன்றமும் உள்ள நிறுவனங்களில், அவர்களுக்கென்று தனியாக ஒரு பிரதிநிதிக் குழு உண்டு. 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள ஏற்பாடு இது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். தொழிலாளர் மன்றத்தின் எல்லாக் கூட்டங்களுக்கும் இந்தக் குழு ஒருவரை அனுப்பலாம். பெரும்பாலும் இளையவர்களைத் தொடும் முடிவென்றால் அவர்களுக்கு வாக்கும் உண்டு. மன்றம் எடுத்த முடிவு தங்களைக் கடுமையாகப் பாதிக்கும் என்று கருதினால், அதை ஒரு வாரம் நிறுத்திவைக்கக் கோரலாம். கோரினால் நிறுத்தியே ஆக வேண்டும். ஒரு வாரத்துக்குப் பிறகு முடிவு அப்படியே நிறைவேறலாம். ஆனாலும் அந்த ஒரு வாரம் பெரியவர்கள் உட்கார்ந்து பதில் சொல்லியாக வேண்டும். நான் கேட்பது அந்த ஒரு வாரத்தைத்தான்.

அதைவிட என்னைக் கவர்ந்தது இன்னொன்று. அந்தக் குழுவில் இருக்கும் தொழில் பயில்பவர், பயிற்சி முடியும் நேரத்தில் எழுத்தில் கேட்டால், நிறுவனம் பொதுவாக அவரை நிரந்தர வேலையில் எடுத்துக்கொள்ள வேண்டும். எதிர்த்துப் பேசியதற்காகக் கழற்றிவிட முடியாது. நம் பக்கம் பாருங்கள். கூட்டத்தில் எதிரே உட்கார்ந்திருப்பது மாணவப் பிரதிநிதியின் துறைத் தலைவர். இன்டர்னல் மார்க் அவர் கையில். வகுப்பைவிட்டு வந்ததற்கு 'ஓடி' (ஆன் டியூட்டி என்ற வருகைப் பதிவு) கிடைக்குமா என்பதும் அவர் கையில். "பயப்படாம பேசும்மா" என்று சொன்னால் மட்டும் பயம் போய்விடுமா?

பிள்ளைகளுக்கு அனுபவம் போதாது என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். பட்ஜெட் போடவும் கட்டட ஒப்பந்தம் படிக்கவும் போதாதுதான். ஆனால் ஹாஸ்டலில் ராத்திரி பத்து மணிக்குத் தண்ணீர் வருகிறதா என்பதில் அவர்களைவிட அனுபவசாலி யார்? அப்புறம், உள்ளே பேசியதை வெளியே சொல்லிவிடுவார்கள் என்ற பயம். சொல்லட்டுமே. பிரதிநிதியின் வேலையே அதுதானே.

என் கோரிக்கை பெரிதல்ல. ஒருவருக்குப் பதில் குறைந்தது மூன்று பேர், அவர்களை மாணவர்களே தேர்ந்தெடுக்கட்டும். மாணவர் தேர்தல்கள் பற்றி ஆராய்ந்த லிங்டோ குழு 2006 இல் சொன்ன மாதிரி முழுத் தேர்தல் நடத்த மனமில்லையா, வகுப்புக்கு வகுப்பு ரகசியச் சீட்டாவது எழுதிப் போடட்டும். அஜெண்டா ஒரு வாரம் முன்பே கைக்கு வரட்டும். சொன்ன யோசனைக்கு ஆம் என்றோ, இல்லையென்றால் ஏன் இல்லை என்றோ எழுத்தில் பதில் வரட்டும். பதில் 'இல்லை' என்றாலும் பரவாயில்லை. காரணத்தோடு வரும் 'இல்லை'யை இளைஞர்கள் தாங்கிக்கொள்வார்கள்.

இந்த வருடம் உங்களைப் பிரதிநிதியாகப் போட்டிருந்தால் முதல் கூட்டத்துக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கல்லூரி இணையதளத்தில் ஐக்யூஏசி பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் பழைய கூட்டக் குறிப்புகளும், எடுக்கப்பட்ட நடவடிக்கை பற்றிய அறிக்கையும் இருக்கும். போன வருடப் பிரதிநிதியைத் தேடிப் பிடித்து, அவர் சொன்னது அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும். எழுதியே கொண்டுபோங்கள், இரண்டு பிரதி. ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.