குழந்தை வேண்டுமென்றால் டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்கு அவசரப்படாதீர்கள்

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று ரிப்போர்ட் வந்ததும், "குறைந்ததை ஏற்றிக்கொண்டால் சரியாகிவிடும்" என்று நேரே ஊசிக்கோ ஜெல்லுக்கோ போய்விடுகிறார்கள். குழந்தைக்காகக் காத்திருக்கும் ஆண்களும் இதையே செய்வதுதான் எனக்கு ஆற்றாமை. வெளியிலிருந்து ஏற்றும் டெஸ்டோஸ்டிரோன் விந்தணு உற்பத்தியை அடக்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் 1990இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வாரம் 200 மில்லிகிராம் என்று இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் பாதிப் பேருக்கு மேல் விந்தில் ஓர் அணுகூட இல்லை!

காரணம் இதுதான். மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்பித்தான் விரைகளை வேலை வாங்குகிறது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் தாராளமாகத் தெரிந்தால், "இங்கே போதுமான அளவு இருக்கிறதே" என்று அது இரண்டையும் குறைத்துவிடும். விந்தணு உருவாக, விரைக்குள் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் வேண்டும். அதை விரையே சுரந்தால்தான் உண்டு; ஊசியால் ஈடுகட்ட முடியாது.

தெரிந்த ஒருவரின் இரண்டு ரிப்போர்ட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் டெஸ்டோஸ்டிரோன் அமர்க்களமாக ஏறியிருந்தது. இன்னொன்று விந்துப் பரிசோதனை. அணுக்களின் எண்ணிக்கைக்கு நேராகப் பூஜ்ஜியம். ஊசி போட்டவர்கள் "குழந்தை வேண்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்கவே இல்லையாம்.

இத்தனைக்கும் வேறு வழிகள் இருக்கின்றன. அதிகம் பேசப்படுவது க்ளோமிஃபீன் மாத்திரை. பெண்களுக்குக் கருமுட்டை வெளிவர 1960களிலிருந்து கொடுக்கப்படும் அதே மருந்துதான். ஆண் உடலிலும் கொஞ்சம் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் மூளைக்கு "போதும்" என்றுதான் சொல்லும். அது இருப்பது மூளைக்குத் தெரியாதபடி இந்த மாத்திரை மறைத்துவிடுவதால், எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். இரண்டும் கூடும், விரை தன் டெஸ்டோஸ்டிரோனைத் தானே சுரக்கும். ஆண்களுக்கு இது அதிகாரபூர்வமாக அங்கீகரிக்கப்பட்ட பயன்பாடு இல்லை என்றாலும், மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எழுதிக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் தினம் 25 மில்லிகிராம், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் 50. சிலருக்கு மனநிலை தடுமாறும், பார்வை மங்கும். பார்வையில் மாற்றம் தெரிந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

அடுத்தது ஹெச்.சி.ஜி. ஊசி. எல்.ஹெச். செய்யும் வேலையை இது செய்யும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை குத்திக்கொள்வது தொல்லைதான். பிட்யூட்டரியே சரியாக வேலை செய்யாதவர்களுக்கு முக்கிய வழி இதுதான். விந்தணு வரவில்லையென்றால் கூடவே எஃப்.எஸ்.ஹெச். ஊசியும் சேர்ப்பார்கள். ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் அனஸ்ட்ரசோல் மாத்திரை, உடல் பருத்து ஈஸ்ட்ரோஜன் ஏறியவர்களுக்குச் சில சமயம் கைகொடுக்கும். நீண்ட நாள் எடுத்தால் எலும்பு பலவீனமாகலாம் என்பதால், எல்லோருக்கும் அதைத் தூக்கிக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

எது யாருக்கு என்பதை எல்.ஹெச். அளவுதான் காட்டிக்கொடுக்கும். எல்.ஹெச். ஏற்கெனவே எகிறியிருந்தால் கோளாறு விரையில். மூளை கத்திக்கொண்டுதான் இருக்கிறது, இன்னும் கத்தச் சொல்வதில் பெரிய பலன் இருக்காது. குறைவாகவோ சாதாரணமாகவோ இருந்தால் கோளாறு மேலே. அங்கே இந்த மருந்துகளுக்கு வேலை உண்டு. பிட்யூட்டரி சுரக்கும் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டின் ஏறியிருந்தால் கதையே வேறு, அதற்குத் தனி மாத்திரை. இதெல்லாம் பார்க்காமல், சாயங்காலம் எடுத்த ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து மருந்து தொடங்குவது அநியாயம். காலையில், இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுத்துப் பார்ப்பதுதான் முறை. எடை குறைந்தாலே அளவு ஏறிவிடுகிறவர்களும் நிறைய. ஆனால் அதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.

ஏற்கெனவே ஊசியில் இருப்பவர்கள் பயந்துபோய்த் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். மருத்துவரிடம் சொல்லி மாற்றுங்கள். கருத்தடை ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் சுமார் 90 சதவீதத்தினருக்கு, ஊசியை நிறுத்தி ஒரு வருடத்துக்குள் எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 2 கோடியைத் தொட்டது. ஆனால் அவர்கள் ஆரம்பத்திலேயே ஆரோக்கியமாக இருந்தவர்கள். வருடக்கணக்கில் ஜிம் ஸ்டீராய்டு ஏற்றியவர்கள் அந்தக் கணக்கை நம்பி உட்கார முடியாது. மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் அந்த ஒரு வருடமே பெரிய விஷயம். டெஸ்டோஸ்டிரோன் எடுத்தே தீர வேண்டிய நிலை என்றால், முதல் ஊசிக்கு முன்பே விந்துப் பரிசோதனை செய்து, விந்தணுவை உறையவைத்துச் சேமிக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.