கார்லைல் பிரெஞ்சுப் புரட்சி வரலாற்றை எழுதியது லண்டனில்

ஸ்காட்லாந்து எழுத்தாளர் தாமஸ் கார்லைல் தம் பிரெஞ்சுப் புரட்சி வரலாற்றை ஸ்காட்லாந்தின் கிரெய்கன்புட்டக் பண்ணை வீட்டில் எழுதினார் என்றும், கையெழுத்துப்படி அங்கேயே எரிந்தது என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருப்பது தவறு. மனைவி ஜேனின் குடும்பச் சொத்தான அந்தப் பண்ணையில் 1828 முதல் 1834 வரை இருந்தார். அங்கே எழுதியது ‘சார்ட்டர் ரிசார்ட்டஸ்’ என்ற வேறொரு நூல்.

புரட்சி வரலாறு, 1834இல் குடியேறிய லண்டன் செல்சீ வீட்டில் உருவானது. படித்துப் பார்க்கத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்லிடம் கொடுத்திருந்த முதல் தொகுதிதான் 1835இல் எரிந்துபோனது. இடிந்துபோன மில்லுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டு, அந்தத் தொகுதி முழுவதையும் திரும்ப எழுதினாரே, அந்த மன உறுதியைச் சொல்லாமல் விடலாமா? நூல் 1837இல் வெளிவந்தது. 1881இல் இறக்கும்வரை அவர் வாழ்ந்ததும் அதே செல்சீ வீட்டில்தான். அடக்கம் மட்டும் ஸ்காட்லாந்தில் அவர் பிறந்த ஊரான எக்கில்ஃபெக்கனில்.