லோக்கல்ஹோஸ்ட்டும் 127.0.0.1-உம் ஒன்றா?

மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் சர்வரைச் சோதிக்க, நம் கம்ப்யூட்டரையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயர், 127.0.0.1 என்ற ஐபி முகவரி இரண்டில் எதைக் கொடுத்தாலும் ஒன்றுதான் என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். லினக்ஸிலும் மேக்கிலும் அப்படி இல்லைங்க. அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்றால் மைஎஸ்க்யூஎல் கமாண்ட்லைன் கிளையன்ட் யுனிக்ஸ் சாக்கெட் (ஒரே கம்ப்யூட்டருக்குள் புரோகிராம்கள் ஒரு ஃபைல் மூலம் பேசிக்கொள்ளும் முறை) வழியாகப் போய்விடும்; மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான நெட்வொர்க் வாசலான 3306 போர்ட்டைத் தொடவே தொடாது. போர்ட் எண்ணை வேண்டுமென்றே தப்பாகக் கொடுத்தாலும் கனெக்ட் ஆகும்! ஆனால் ஜாவா புரோகிராம்களை மைஎஸ்க்யூஎல்லோடு இணைக்கும் டிரைவர் வழக்கமாக டிசிபியில், அதாவது நெட்வொர்க் போர்ட் வழியாகத்தான் போகும். டெர்மினலில் வேலை செய்கிறது, அப்ளிகேஷனில் மட்டும் அடம்பிடிக்கிறது என்ற புலம்பலுக்குப் பல சமயம் இதுதான் காரணம்.

நீங்களே பார்த்துவிடலாம். இரண்டு விதமாகவும் லாகின் செய்து, ஸ்டேட்டஸ் கமாண்டை அடியுங்கள். கனெக்‌ஷன் என்ற வரியில் ஒன்றுக்கு யுனிக்ஸ் சாக்கெட் என்றும் மற்றதற்கு டிசிபி/ஐபி என்றும் காட்டும்.